டிக்கெட் கையில், ஆள் வெளியே: அமெரிக்கக் கல்லூரி மைதானங்களில் ரசிகரை எப்போது, எப்படி வெளியேற்றுகிறார்கள்?

2012 பிப்ரவரி 18, சனிக்கிழமை. வட கரோலினாவின் ராலே நகரில் என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கும் கூடைப்பந்து ஆட்டம். 1989இல் லீக்கில் முதலிடம் பிடித்த என்.சி. ஸ்டேட்டின் பழைய அணியை அன்று வரவழைத்துப் பாராட்டினார்கள். அந்த அணியில் ஆடிய கிறிஸ் கோர்ச்சியானியும் டாம் கூலியாட்டாவும் ஸ்கோர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொந்த அணி தோற்றுக்கொண்டிருக்கிறது, நடுவரின் முடிவுகள் பிடிக்கவில்லை. எழுந்து கத்தினார்கள், கையை வீசினார்கள். நடுவர் கார்ல் ஹெஸ் திரும்பிப் பார்த்தார், போலீஸ்காரரைக் கூப்பிட்டார், இருவரையும் வெளியே அனுப்பச் சொன்னார். விழா நாயகர்களே வாசலுக்கு வெளியே.

கோர்ச்சியானி சாதாரண ஆளில்லை. கல்லூரிக் கூடைப்பந்தில் ஆயிரம் அசிஸ்ட்டை (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) தாண்டிய முதல் வீரர் அவர். அவருக்கே இந்தக் கதி என்றால், மேல் வரிசையில் இருபது டாலர் டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அந்த லீக்கான ஏ.சி.சி. பின்னர் கண்டித்தது நடுவரைத்தான். நடைமுறையை அவர் பின்பற்றவில்லையாம். ரசிகர்மீது புகார் இருந்தால் நடுவர் அதை மைதான நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். மற்றதை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்.

அப்படியானால் ஒரு ரசிகரை வெளியே அனுப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? எந்தக் காரணத்துக்காக அனுப்பலாம்? தப்பாக அனுப்பிவிட்டால் என்ன செய்வது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப்போகும் நம் பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே மாணவர் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கும், அவர்களைப் பார்க்கப்போய் மைதானத்தில் உட்கார நேரும் அப்பா அம்மாவுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

டிக்கெட் என்பது என்ன?

பணம் கொடுத்து வாங்கிய இருக்கை மூன்று மணி நேரத்துக்கு நம்முடையது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. டிக்கெட் ஓர் அனுமதி, அவ்வளவுதான். இன்னொருவர் இடத்துக்குள் நுழையவும் சற்று நேரம் இருக்கவும் இடத்துக்காரர் தரும் அனுமதி. கொடுத்தவரே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கருத்து பிறந்தது குதிரைப் பந்தய மைதானத்தில். இங்கிலாந்தில் டான்காஸ்டர் பந்தயத்துக்கு ஒரு கினி கொடுத்து டிக்கெட் வாங்கிய வுட் என்பவரை, அவர்மேல் ஏதோ பழைய புகார் இருந்ததால், வெளியே போகச் சொன்னார்கள். அவர் மறுத்தார், இழுத்து வெளியே விட்டார்கள், அவர் வழக்குப் போட்டார். 1845இல் வந்த தீர்ப்பு அவருக்கு எதிராக இருந்தது. போகச் சொன்ன பிறகும் நின்றால், டிக்கெட் வாங்கியவரானாலும் அத்துமீறி நுழைந்தவர்தான் என்றது நீதிமன்றம். 1913இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கும் இதேபோல ஒரு பந்தய மைதான வழக்கு வந்தது. நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அதே வழியில் போனார். டிக்கெட் ஓர் ஒப்பந்தம், அது நிலத்தின்மேல் உரிமை எதையும் தராது. ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று நஷ்டஈடு கேட்கலாம், ‘நான் உள்ளேயே இருப்பேன்’ என்று அடம்பிடிக்க முடியாது.

இதற்கு மாற்றுக் கருத்தும் இருந்திருக்கிறது. 1910களில் லண்டனில் ஒரு சினிமாக் கொட்டகையில், டிக்கெட் எடுக்கவில்லை என்று தப்பாக நினைத்து ஒருவரை வெளியே தள்ளினார்கள். அவர் உண்மையில் பணம் கொடுத்துத்தான் உட்கார்ந்திருந்தார். ஆறு பென்ஸ் டிக்கெட்டுக்கு 150 பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது. ஒழுங்காக உட்கார்ந்திருப்பவரைக் காட்சி முடியும்வரை எழுப்பக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. கேட்கும்போது மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்க மைதானங்களில் செல்லுபடியாவது ஹோம்ஸின் பார்வைதான். இப்போது டிக்கெட் காகிதமாக வருவதில்லை, கைபேசியில் வருகிறது. வாங்கும்போது யாரும் படிக்காமல் அழுத்தும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானுக்குக் கீழே, இது எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யக்கூடிய அனுமதி என்ற வரி இருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். ‘வெளியே போங்கள்’ என்று சொல்லப்பட்ட அந்த நொடியில் நம் பக்கம் நியாயம் இருக்கிறதா என்பது முக்கியமில்லை. நியாயம் இருந்தும் நகராமல் நின்றால், செய்யாத தப்போடு அத்துமீறல் என்ற செய்த தப்பும் சேர்ந்துகொள்ளும். முதலாவதற்கு வெளியேற்றம், இரண்டாவதற்குக் கைவிலங்கு.

விதிகள்: பையில் தொடங்கி மாட்டுமணி வரை

ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ரசிகர் நடத்தை விதி என்று ஒன்று உண்டு. பெரும்பாலானவற்றில் இருப்பவை ஒன்றுதான்: குடித்துவிட்டுத் தள்ளாடக் கூடாது, சண்டை கூடாது, பொருள்களை எறியக் கூடாது, ஆடுகளத்தில் இறங்கக் கூடாது, இன மத பாலினம் சொல்லி இழிவுபடுத்தக் கூடாது, வேறொருவர் இருக்கையில் உட்காரக் கூடாது, ஊழியர் சொன்னதைக் கேட்க வேண்டும். கடைசியில் உள்ளதைக் கவனியுங்கள். வேறு எந்த விதியையும் நீங்கள் மீறியிருக்க வேண்டாம். ‘சொன்னதைக் கேட்கவில்லை’ என்ற ஒன்றே போதும்.

தெற்கு மாநிலங்களின் பெரிய கல்லூரிகள் சேர்ந்த எஸ்.இ.சி. லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 முதல் அங்கே ஃபுட்பாலுக்கு உள்ளே இருப்பது வெளியே தெரியும் பைதான். 12 அங்குல நீளம், 12 அங்குல உயரம், 6 அங்குல அகலத்துக்கு மேல் போகக் கூடாது. நம் ஊர் அம்மாக்கள் டிஃபன் டப்பாவோடு கொண்டுபோகும் துணிப்பை வாசலிலேயே நின்றுவிடும். பொது இருக்கைகளில் பீர் விற்பனைக்கு இருந்த தடையை அந்த லீக் 2019இல்தான் நீக்கியது. ஒரு தடவைக்கு இரண்டு கோப்பை, ஆட்டத்தின் நாலு குவார்ட்டர்களில் (கால் பகுதிகளில்) மூன்றாவது முடிந்ததும் விற்பனை நிறுத்தம்.

அந்த லீக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்தது மாட்டுமணி விதி. மிசிசிப்பி ஸ்டேட் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடிபோட்ட மாட்டுமணியை ஆட்டிக்கொண்டுதான் ஆட்டம் பார்ப்பார்கள். கருவிகளால் சத்தம் எழுப்பக் கூடாது என்று 1974இல் லீக் தடை போட்டது. அவர்கள் மணியைச் சட்டைக்குள் ஒளித்து உள்ளே கொண்டுபோனார்கள். முப்பத்தாறு வருடம் இந்தக் கண்ணாமூச்சி நடந்த பிறகு, 2010இல் லீக் இறங்கி வந்தது: ஆட்டம் தொடங்குமுன், இடைவேளையில், டைம் அவுட்டில், புள்ளி எடுத்ததும் மணி அடிக்கலாம், பந்து ஆட்டத்தில் இருக்கும்போது கூடாது. மீறினால் அபராதம் பல்கலைக்கழகத்துக்கு. பல்லாயிரம் பேர் கையில் மணி இருக்கும்போது எந்த மணி நேரம் தவறி அடித்தது என்று யார் கண்டுபிடிப்பது?

யார் சொன்னால் போக வேண்டும்?

மைதானத்தில் நாலு விதமான ஆட்கள் இருப்பார்கள். இருக்கை காட்டும் அஷர்கள். பெரும்பாலும் தன்னார்வலர்கள், ஓய்வுபெற்றவர்கள், அன்பாகப் பேசுவார்கள். அடுத்து மஞ்சள் சட்டைக்காரர்கள். பாதுகாப்பு நிறுவனம் அன்றைய சம்பளத்துக்கு அனுப்பியவர்கள். அவர்களுக்கு மேலே பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சி மேலாளர்கள். கடைசியாகப் போலீஸ், பல பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தப் போலீஸ் துறையே உண்டு.

புகார் வருவது பெரும்பாலும் கைபேசி வழியாக. ‘தொந்தரவா? இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள்’ என்று திரையில் காட்டிக்கொண்டே இருப்பார்கள். பகுதி, வரிசை, இருக்கை எண் போட்டு அனுப்பினால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆள் வரும். பிரச்சினை சின்னதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. குடி, சண்டை, எறிதல் என்றால் எச்சரிக்கை கிடையாது. வாசலுக்குக் கூட்டிப்போய் அடையாள அட்டையைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொள்வார்கள், டிக்கெட்டைச் செல்லாததாக்குவார்கள். அன்றைக்கு மறுபடி உள்ளே வர முடியாது, பணமும் திரும்பாது.

கூடைப்பந்தில் நடுவருக்கு இன்னோர் ஆயுதம் உண்டு. ரசிகர்கள் ஆட்டத்துக்கே இடைஞ்சல் செய்தால் அவர்களுடைய அணிமீது டெக்னிக்கல் ஃபௌல் கொடுக்கலாம். கத்தியது நீங்கள், எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடையில் பந்து போடும் வாய்ப்பு. எந்த ரசிகரை வெளியே அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் வேலையோ நிர்வாகத்துடையது. ஹெஸ் கண்டிக்கப்பட்டது அந்தக் கோட்டைத் தாண்டியதற்காக. ஆட்டத்தின் சூட்டில் திட்டு வாங்கிய ஆளே நீதிபதியாகவும் இருக்கக் கூடாது என்பதுதான் இதிலுள்ள பொருள், எனக்கு அது சரியென்றே படுகிறது.

அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா?

புதிதாக வருகிறவர்களுக்கு அதிகம் குழப்பம் தருவது இந்த இடம். டியூக், வாண்டர்பில்ட், பிரிகம் யங் எல்லாம் தனியார். மேரிலாந்து, டென்னஸி, டெக்சஸ் போன்றவை மாநில அரசுடையவை. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் பேச்சுரிமையைப் பறிக்கக் கூடாது என்று சொல்வது அரசைப் பார்த்துத்தான். தனியார் பல்கலைக்கழகம் ‘இந்த வார்த்தை பிடிக்கவில்லை, போ’ என்று சொன்னால் அந்தத் திருத்தம் உதவிக்கு வராது. அரசுப் பல்கலைக்கழகம் அதையே சொன்னால் கேள்வி எழும்.

எப்படிப்பட்ட கேள்வி? 2004 ஜனவரியில் மேரிலாந்தில் டியூக் அணி ஆடவந்தபோது மாணவர் பகுதியிலிருந்து கெட்ட வார்த்தைக் கோஷம் தொலைக்காட்சியில் நாடு முழுக்கக் கேட்டது. பல்கலைக்கழகத்துக்கு வெட்கம். தடை செய்யலாமா என்று மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்தைக் கேட்டார்கள். கவனமாக எழுதினால் அப்படியொரு விதி அரசியலமைப்புக்கு உட்பட்டதாக இருக்க முடியும் என்று பதில் வந்தது. அந்த ‘கவனமாக’ என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. ஏனென்றால் 1971இலேயே உச்ச நீதிமன்றம், கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்துக் கெட்ட வார்த்தை எழுதிய ஜாக்கெட்டோடு நீதிமன்றத் தாழ்வாரத்தில் நடந்த இளைஞனைத் தண்டித்தது தவறு என்று சொல்லிவிட்டது. ஒரு வார்த்தை அசிங்கமாக இருக்கிறது என்பது மட்டுமே அரசுக்குக் காரணமாகாது.

விதி தெளிவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. 1990 பேஸ்பால் உலகத் தொடரின்போது சின்சினாட்டி மைதானத்தில் ஒருவர் ‘ஜான் 3:16’ என்ற பைபிள் வசன எண்ணை எழுதித் தூக்கிப் பிடித்தார். ‘நல்ல ரசனையோடு’ இருக்கும் பதாகைகளுக்கு மட்டுமே அனுமதி என்று விதி. பறித்தார்கள். எது நல்ல ரசனை என்று காவலாளி எப்படி முடிவு செய்வார் என்று கேட்டு, அந்த விதியை நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. கல்லூரி ஆட்டம் அல்ல என்றாலும், மைதானம் நகரத்துக்குச் சொந்தமானது என்பதால் கேள்வி அதேதான்.

இதற்கு நேர்மாறாக, புத்திசாலித்தனமாக எழுதப்பட்ட விதி ஒன்று. மிசிசிப்பி பல்கலைக்கழக ஃபுட்பால் ஆட்டங்களில் ஒரு காலத்தில் உள்நாட்டுப் போர் காலத்துக் கான்ஃபெடரேட் கொடிகள் கடலாக அசையும். அடிமை முறையைக் காக்கப் போரிட்டவர்களின் கொடி. கறுப்பின மாணவர்களை அணிக்கு அழைத்துவருவதே கஷ்டமாகிவிட்டது. கொடியைத் தடை செய்திருந்தால் பேச்சுரிமை வழக்கில் சிக்கியிருப்பார்கள். 1997இல் அவர்கள் தடை செய்தது குச்சியை. பாதுகாப்புக் காரணத்துக்காக எந்தக் கம்பும் உள்ளே வரக் கூடாது. குச்சி இல்லாமல் கொடியை எவ்வளவு நேரம்தான் கையில் விரித்துப் பிடிப்பது? வழக்குப் போட்டார்கள், நீதிமன்றங்கள் விதியின் பக்கமே நின்றன. எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருந்துகிறது, எந்தக் கருத்தையும் குறிவைத்துச் சொல்லவில்லை என்பதே காரணம்.

அதற்காக, பேச்சுரிமை இருக்கிறது என்று சொல்லி எதையும் கத்தலாமா? 1988 பிப்ரவரியில் அரிசோனா அணியின் ஸ்டீவ் கெர், அரிசோனா ஸ்டேட் மைதானத்தில் ஆட்டத்துக்கு முன் பந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா மால்கம் கெர் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். நாலு வருடம் முன்புதான் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். எதிரணி ரசிகர்கள் சிலர் அந்தச் சாவைச் சொல்லியே கெரைச் சீண்டினார்கள். அவர் கண்கலங்கினார். பிறகு ஆட்டத்தின் முதல் பாதியில் ஆறு மூன்று புள்ளி வீச்சு வீசி ஆறையும் போட்டார். அந்த வாய்களைச் சட்டப்படி மூட முடியுமா என்று இன்றைக்கும் வக்கீல்கள் விவாதிக்கலாம். அவர்களை அன்றே வாசலுக்கு அனுப்பியிருந்தால் அதை அநியாயம் என்று நான் எழுதியிருக்க மாட்டேன்.

டியூக் இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்தது. 1984 ஜனவரியில் மாணவர்கள் எல்லை மீறியபோது, பல்கலைக்கழகத் தலைவர் டெர்ரி சான்ஃபோர்ட் யாரையும் தடை செய்யவில்லை. பெரியப்பா அறிவுரை சொல்கிற தொனியில் ஒரு கடிதம் எழுதி, ‘அங்கிள் டெர்ரி’ என்று கையெழுத்துப் போட்டார். அடுத்து வட கரோலினா அணி வந்தபோது மாணவர்கள் தலையில் தேவதை வளையம் மாட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவர் முடிவு பிடிக்காதபோது வழக்கமான வசைக்குப் பதிலாக, ‘தங்கள் கருத்திலிருந்து மாறுபட அனுமதி கோருகிறோம்’ என்று ஒரே குரலில் கோஷம் போட்டார்கள்.

அநியாயம் எங்கே நுழைகிறது?

எனக்குத் தெரிந்த ஒருவர் கதையைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். நண்பர், தஞ்சாவூர்க்காரர், பத்து வருடமாக அங்கே சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். அன்று எதிரணி ரசிகர்கள் மூன்று வரிசை கீழே. மூன்றாவது குவார்ட்டரில் பின்னாலிருந்து பாதி நிரம்பிய பீர் கோப்பை ஒன்று பறந்துபோய் அவர்கள் தலையில் விழுந்தது. அவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார், கைபேசியை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் மஞ்சள் சட்டைக்காரர் இருவரும் ஒரு போலீஸ்காரரும் படியேறி வந்தார்கள். கீழே இருந்தவர் கையை நீட்டினார்: “அதோ, அந்தச் சிவப்புச் சட்டை.”

சொந்த அணியின் நிறமே சிவப்பு. அந்தப் பகுதியில் சிவப்புச் சட்டை போடாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நண்பர் பீரைத் தொட்டதில்லை. அவர் மடியில் நாச்சோ (சோளச் சிப்ஸ்) தட்டு, சீஸ் குழம்பு இன்னும் ஆறவில்லை. பின் வரிசைப் பையன்கள் இருவர் மைதானத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நான் இல்லை” என்றார். “வெளியே போய்ப் பேசிக்கலாம் சார்” என்றார்கள். வெளியே போனதும் யாரும் பேசவில்லை. அடையாள அட்டையைப் படம் எடுத்தார்கள், ஒரு படிவத்தில் ‘பொருள் எறிதல்’ என்று குறித்தார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. கோப்பை விழுந்தவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தது ஒரு சிவப்பு நிறத்தை. ஊழியருக்கு விசாரிக்க நேரமில்லை. அங்கேயே நின்று பேசினால் கூட்டம் கூடும், சண்டை வளரும், ஆகவே ஒருவரைக் கிளப்பிவிடுவது அவருக்குப் பாதுகாப்பான முடிவு. அநியாய வெளியேற்றங்களில் பெரும்பாலானவை இந்த ரகம் என்பது என் எண்ணம். ஆள் மாறாட்டம், ஒருவர் சொல்லை மட்டும் கேட்டு எடுத்த முடிவு, பக்கத்து இருக்கைத் தகராறில் முதலில் செய்தி அனுப்பியவர் ஜெயிப்பது. எழுந்து நின்று ஆட்டம் பார்க்கிறவருக்கும் ‘உட்காருங்க’ என்கிறவருக்கும் நடக்கும் சண்டையிலும் இதேதான்.

பெரிய அளவில் நடந்தது 2022 ஆகஸ்ட் 26, யூட்டாவில். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் டியூக்குடன் பெண்கள் வாலிபால். ரசிகர் பகுதியிலிருந்து இனவெறி வசை கேட்டதாக டியூக் வீராங்கனை ஒருவர் சொன்னார். விஷயம் நாடு முழுக்கப் பரவியது. பல்கலைக்கழகம் ஒருவரைச் சுட்டி, இனி நம் ஆட்டம் எதற்கும் வரக் கூடாது என்று தடை போட்டது. பிறகு ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு எல்லாவற்றையும் பார்த்து, வந்திருந்தவர்களில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களிடம் விசாரித்தார்கள். புகாரை உறுதிப்படுத்தும் சான்று கிடைக்கவில்லை என்று செப்டம்பர் 9 அன்று அறிவித்து, தடையை நீக்கி, அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். டியூக் தன் வீராங்கனைகளின் பக்கமே உறுதியாக நின்றது. சான்று கிடைக்கவில்லை என்பதற்காக வீராங்கனை பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. சத்தக்காட்டில் காதில் விழுவதும் விழாததும் ஆளுக்கு ஆள் மாறும். தண்டனை முதலில், விசாரணை முடிவு இரண்டு வாரம் கழித்து என்ற வரிசைதான் அங்கே தப்பு.

அபராதம் என்னும் பின்னணி

பல்கலைக்கழகங்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுகின்றன? லீக் போடும் அபராதம் ஒரு காரணம். 2021 அக்டோபர் 16, டென்னஸியின் நெய்லண்ட் மைதானம். கடைசி நிமிடத்தில் நடுவர் முடிவு பிடிக்காமல் ரசிகர்கள் கண்டதையும் எறிந்தார்கள். தண்ணீர் பாட்டில், கடுகுக் குழம்பு பாட்டில், கோல்ஃப் பந்துகூட. கோல்ஃப் பந்து எதிரணிப் பயிற்சியாளர் லேன் கிஃபின்மேல் பட்டது. ஆட்டம் சுமார் 20 நிமிடம் நின்றது. எஸ்.இ.சி. 2,50,000 டாலர் அபராதம் போட்டது. கூடவே, கேமரா பதிவுகளைத் தேடி எறிந்தவர்களைக் கண்டுபிடித்து அந்தப் பருவம் முழுக்கத் தடை செய்யவும் உத்தரவிட்டது. 2024 அக்டோபரில் ஆஸ்டினில் டெக்சஸ் ரசிகர்கள் பாட்டில் எறிந்தபோதும் அதே தொகை, ஏறக்குறைய அதே உத்தரவு.

வேடிக்கை என்னவென்றால், பெருங்கூட்டமாகச் செய்தால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. 2024 அக்டோபர் 5 அன்று, நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் 40–35 என்று வீழ்த்தியது. ரசிகர்கள் மைதானத்தில் இறங்கி, கோல் கம்பத்தைப் பிடுங்கி, நாஷ்வில் தெருக்களில் சுமந்துபோய் கம்பர்லண்ட் ஆற்றில் போட்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு 1,00,000 டாலர் அபராதம், அதுவும் தோற்ற அலபாமாவுக்கே போனது. கம்பம் தூக்கியவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கும்பலோடு கோவிந்தா போட்டால் தப்பிக்கலாம், தனியாகப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். 2025இல் அந்த லீக் இப்படி இறங்கும் ஒவ்வொரு தடவைக்கும் 5,00,000 டாலர் என்று ஆக்கிவிட்டது. அந்தச் சுமை கீழே இறங்கி, மஞ்சள் சட்டைக்காரரின் பொறுமையைத்தான் இன்னும் குறைக்கப்போகிறது.

வெளியே வந்த பிறகு

ஒரு நாள் வெளியேற்றம் வேறு, தடை வேறு. ஆட்டத்தின் பாதியை இழந்தது வருத்தம்தான், ஆனால் அதற்காக வழக்குப் போட்டு ஜெயித்தாலும் கிடைப்பது டிக்கெட் காசைவிடப் பெரிதாக இருக்காது. அடுத்த சில நாளில் வரும் கடிதம்தான் கனமானது. சீசன் டிக்கெட் ரத்து, இத்தனை மாதம் வளாகத்தில் கால் வைக்கக் கூடாது என்று அதில் இருக்கும். அத்துமீறல் எச்சரிக்கை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு உள்ளே போவது குற்றம். உங்கள் டிக்கெட்டை நண்பருக்குக் கொடுத்து, அவர் குடித்துவிட்டு ஆடினாலும் பல இடங்களில் கணக்குக்குச் சொந்தக்காரரான நீங்கள்தான் பொறுப்பு. மாணவர் என்றால் மாணவர் ஒழுங்கு அலுவலகத்துக்கும் போகும். விஸ்கான்சினில், குடித்து வெளியேற்றப்பட்ட மாணவர் அடுத்த ஆட்டத்துக்கு வாசலில் ஊதிக் காட்டினால்தான் உள்ளே போக முடியும் என்று ஒரு திட்டமே வைத்தார்கள். விசா மாணவர்கள் ஒழுங்கு அலுவலகக் கடிதம் எதையும் படிக்காமல் விட்டுவிடக் கூடாது.

அரசுப் பல்கலைக்கழகம் ஒரு மாணவரைப் படிப்பிலிருந்தே இடைநீக்கம் செய்வதாக இருந்தால், குற்றச்சாட்டைச் சொல்லி அவர் பதிலைக் கேட்டாக வேண்டும். பள்ளி மாணவர்கள் தொடர்பான 1975ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து வளர்ந்த நெறி அது. வெறும் ரசிகருக்கு அத்தனை பாதுகாப்பு இல்லை. ஆனாலும் பெரும்பாலான இடங்களில் எழுத்தில் முறையிட வழி இருக்கிறது.

எனவே, வாசலில் நிற்கும்போதே செய்ய வேண்டியவை: என்ன காரணம் என்று அமைதியாகக் கேளுங்கள், சொன்னவரின் பெயரையோ பேட்ஜ் எண்ணையோ குறித்துக்கொள்ளுங்கள், நேரம் பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசி எண் இருந்தால் அப்போதே செய்தி அனுப்புங்கள். அடுத்த வேலை நாளே டிக்கெட் அலுவலகத்துக்கும் விளையாட்டுத் துறைக்கும் மின்னஞ்சல், பகுதி வரிசை இருக்கை எண்ணோடு. கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கக் கேளுங்கள். பழைய பதிவுகள் கொஞ்ச நாளில் அழிந்துவிடும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநிலத்தின் பொதுப் பதிவுச் சட்டத்தின் கீழ் அந்த நாளின் சம்பவ அறிக்கையைக் கேட்கலாம். நம் ஊர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாதிரிதான். கோபத்தைக் கடிதத்தில் போடாதீர்கள். கோப்பை எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைப் போடுங்கள்.

தடைக் கடிதம் வந்த என் தஞ்சாவூர் நண்பரும் அப்படித்தான் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நாச்சோ தட்டு உட்பட, தான் பார்த்ததை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது: மறுபரிசீலனைக்குப் பின் தடை நீக்கப்படுகிறது, தங்கள் ஆதரவுக்கு நன்றி. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அவர் இப்போதும் அதே இருக்கையில்தான் உட்காருகிறார். சிவப்புச் சட்டை மட்டும் போடுவதில்லை.